கொழும்பில் வண்ணக் கண்ணாடி வேலை கற்கத் தொடங்குவோருக்கு: பயிற்சி, கருவிகள், செலவு, ஆவணங்கள்

தேவாலயச் சாளரங்களிலும் கறுவாத்தோட்டத்துப் பழைய வீடுகளின் கதவு மேற்புறங்களிலும் நாம் பார்க்கும் வண்ணக் கண்ணாடி வேலையைக் கற்கவேண்டும் என்று எண்ணி நான் கொழும்பில் விசாரிக்கத் தொடங்கியபோது, எங்கே போவது, எதை முதலில் வாங்குவது, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தைக் கேட்பது என்று சொல்லித்தர ஒருவரும் கிடைக்கவில்லை. முதலாண்டில் ஏறக்குறைய 180,000 ரூபா செலவழித்தேன். பின்னர் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது அதில் 70,000 ரூபா அளவு தவறான வகுப்புக்கும், தவறான மின்னழுத்தக் கருவிகளுக்கும், பயன்படாத பற்றாசுக்கும் ("சோல்டர்" என்னும் உருக்கி ஒட்டும் உலோகம்) போயிருந்தது. அந்த 70,000 ரூபாவை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த வேலையை ஒரே கூரையின் கீழ் முழுமையாகக் கற்றுத்தரும் இடமொன்று, நான் தேடிய காலத்தில், கொழும்பில் எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கடையில் ஒரு பகுதியும், சூடுவைத்து ஒட்டும் வேலை தெரிந்தவரிடம் ஒரு பகுதியும், மட்பாண்டச் சூளை வைத்திருப்பவரிடம் ஒரு பகுதியும், மீதியை வீட்டு மேசையிலுமாகவே கற்றேன். நீங்களும் பெரும்பாலும் அவ்வாறே கற்க நேரிடும்; ஆகவே கற்கும் ஒழுங்கு முக்கியமானது.

1. எதைக் கற்கப் போகிறீர்கள் என்பதைப் பிரித்தறியுங்கள்

"கிளாஸ் பெயின்டிங்" என்று விளம்பரப்படுத்தப்படும் வகுப்புகளில், முழுக் கண்ணாடித் தகடொன்றின் மீது குழாயிலிருந்து கறுப்புக் கோட்டைப் பிதுக்கி வரைந்து, நடுவே நிறத்தைப் பூசிக் காயவைக்கக் கற்றுத்தருவார்கள். பார்வைக்கு அது வண்ணக் கண்ணாடி போலவே இருக்கும். நான் நான்கு சனிக்கிழமைகள் அத்தகைய வகுப்பொன்றுக்குப் போனபின்னரே அங்கே ஒரு கண்ணாடித் துண்டுகூட வெட்டப்படப் போவதில்லை என்பதை உணர்ந்தேன். அந்த வகுப்பில் குறையொன்றும் இல்லை. நான் தேடியது அதுவாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன்னர் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மாணவர் தம் கையால் கண்ணாடி வெட்டுவாரா, பற்றாசு வைத்து ஒட்டுவாரா, பாடநெறி முடிவில் எந்த அளவான எந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவார்.

உண்மையான வண்ணக் கண்ணாடி வேலையில் மூன்று பிரிவுகள் உள்ளன. செப்பு நாடா முறையில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பையும் பசையுள்ள மெல்லிய செப்பு நாடாவால் சுற்றி, துண்டுகளை அருகருகே வைத்து, இடைவெளி முழுவதும் பற்றாசை ஓடவிட வேண்டும். விளக்கு மூடிகள், சிறு தொங்குபொருள்கள், நுணுக்கமான வடிவங்கள் ஆகியவற்றுக்கு இது பொருத்தமானது. ஈயப் பட்டை முறையில் இருபுறமும் காடி கொண்ட ஈயப் பட்டையினுள் கண்ணாடியைச் செருகி, பட்டைகள் சந்திக்கும் மூட்டுகளில் மட்டும் பற்றாசு வைக்க வேண்டும். சாளரங்களுக்கு இதுவே வழக்கமான முறை. மூன்றாவது சூளை வேலை: முகம், ஆடை மடிப்பு, எழுத்து ஆகியவற்றைக் கண்ணாடித் தூளும் உலோக ஒட்சைட்டும் கலந்த மையால் வரைந்து, கண்ணாடியோடு உருகி ஒன்றாகும்படி சுட்டெடுப்பது. இந்த வரிசையிலேயே கற்பது நல்லது.

2. பயிற்சியை எங்கே தேடுவது

அரச தொழிற்பயிற்சியிலிருந்து தொடங்க விரும்புவோர் நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையிலுள்ள நிபுணதா பியச கட்டடத்துக்குச் செல்லலாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் அங்கேயே இருப்பதால் இரு இடத்துக்கும் ஒரே நாளில் போய்வரலாம். தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5ம் 6ம் டிப்ளோமாக்கள், 7 பட்டத்துக்கு இணையானது. நான் விசாரித்தபோது எனக்குக் காட்டப்பட்ட துறைகளுள் நம் வேலைக்கு மிக அருகிலிருந்தது அலுமினியப் பொருத்துவேலைதான். அதில் அளவெடுத்தல், கண்ணாடி கையாளுதல், சட்டம் பொருத்துதல் ஆகியவை உண்டு. நிறமும் ஈயமும் இல்லை. எனினும் பிற்காலத்தில் சாளரங்களை நீங்களே கட்டடத்தில் பொருத்த எண்ணினால் அந்தப் பயிற்சி வீண்போகாது.

தனியார் நிறுவனமொன்று சான்றிதழ் தருவதாகச் சொன்னால், அந்த நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று உண்டா என்ற இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். நிறுவனம் பதிவாகியிருப்பதனாலேயே அதன் எல்லாப் பாடநெறிகளும் தகைமைச் சான்றிதழுக்கு உரியன ஆகிவிடா. ஏற்கெனவே இத்தகைய கடைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் புதிதாக வகுப்பில் அமர வேண்டியதில்லை; முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம், செய்த வேலைகளின் புகைப்படங்கள் ஆகியவற்றை முன்னதாகவே சேர்த்து வைத்திருங்கள். ஆனால் கிடைக்கும் சான்றிதழில் அலுமினியம் என்றே எழுதியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். வண்ணக் கண்ணாடிக் கலைஞர் என்று அது உங்களை எங்கும் அறிமுகப்படுத்தாது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் நடத்திவந்த முதுமாணிப் பாடநெறி வண்ணக் கண்ணாடியின் பேணுகையையும் மரபுரிமை முகாமைத்துவத்தையும் சார்ந்தது. புதிய சாளரம் செய்யக் கற்க விரும்புபவர் அதைத் தம் முதற்படியாக எண்ணிவிடக் கூடாது. ஜேர்மனியின் ஹடமார் நகரில் கண்ணாடித் தொழிலுக்கென்றே பாடசாலை உண்டு. அந்நாட்டில் கண்ணாடி வேலைஞருக்கான தொழிற்பயிற்சி வழக்கமாக 3 ஆண்டுகள், அதற்கு ஜேர்மன் மொழி கட்டாயம் தேவை. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, தேவையான பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். 27ஆம் நாளில் ஒரு சிறு தொகையை எடுத்ததால் மீதி குறைந்துபோனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண நேரிடும்.

3. முதல் மூன்று மாதங்கள் கண்ணாடி வெட்டுவதற்கு மட்டும்

இதைத் தாண்டிச் செல்ல அவசரப்பட்டதுதான் என் மிகப்பெரிய தவறு. வெட்டு சரியில்லாதபோது நாடாவும் சரியாக உட்காராது, இடைவெளியும் பெருகும், பற்றாசும் இரட்டிப்பாகச் செலவாகும், இறுதியில் தகடு வரைபடத்தைவிட அரை அங்குலம் பெரிதாகிவிடும்.

கண்ணாடியும் அலுமினியமும் பொருத்தும் சிறு கடைகள் நகரத்தின் எந்தப் பகுதியிலும் உள்ளன. வெள்ளவத்தையில் நான் குடியிருந்த ஒழுங்கைக்கு அருகிலிருந்த கடையில் கழிவுத் துண்டுகளைக் கேட்கப் போய், பின்னர் கடைக்கார நானாவின் அனுமதியுடன் சனிக்கிழமைகளில் அவருடைய மேசையோரம் நின்று வெட்டிப் பழகினேன். சம்பளமும் இல்லை, கட்டணமும் இல்லை. கடையைக் கூட்டுவதும் தேநீர் வாங்கி வருவதும் என் பங்கு. இத்தகைய ஏற்பாட்டைப் பணிவாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு. கடைகளில் வேலை செய்யும் பலர் சிங்களம் பேசுவோர் என்பதால், கண்ணாடிக்கு "வீதுரு", துண்டுகளுக்கு "கேலி" என்ற சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஈயத்துக்குப் புதுச் சொல் தேவையில்லை. சிங்களத்திலும் அது ஈயம்தான்.

3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடியையே கேளுங்கள். கடைகளில் எளிதில் கிடைப்பது 5 மில்லிமீற்றர். பழகுவதற்கு அது கடினமானது. பழைய வாகனக் கண்ணாடி, மேசை மேற்பரப்பு, குளியலறைக் கதவு ஆகியவற்றை எவரேனும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அவை பதப்படுத்தப்பட்ட கண்ணாடியாக இருந்தால் வெட்டவே முடியாது. கீறி அழுத்தியதும் முழுத் தகடும் மணிமணியாக உதிர்ந்துவிடும்.

வெட்டுதல் என்று சொன்னாலும் நடப்பது கீறுதலும் பிளத்தலுமே. சிறு சக்கரம் கொண்ட கட்டரை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை ஓட்ட வேண்டும். பட்டுத் துணி கிழிவதுபோன்ற மெல்லிய ஒலி தொடர்ந்து கேட்டால் அழுத்தம் சரி. கோட்டின்மேல் வெள்ளைத் தூள் சிதறினால் அழுத்தம் மிகுதி. ஒரு தடவை கீறிய கோட்டின்மேல் மறுபடி கீறக் கூடாது. கண்ணாடியும் பாழாகும், கட்டரின் சக்கரமும் பாழாகும். கடைகளில் கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து எடுப்பதைப் பார்ப்பீர்கள். எண்ணெய் உள்ளேயே நிரப்பும் கட்டர் உங்களிடம் இருந்தால் அதற்குரிய எண்ணெயையே பயன்படுத்துங்கள். கீறியதும் தாமதிக்காமல் பிளந்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள் நேர்கோடுகள் மட்டும். அதன்பின் 10 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் பத்தை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நான்கு பக்கமும் 1 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு தெரியாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அடுத்தது வெளிவளைவு, கடைசியாக உள்வளைவு. உள்வளைவை ஒரே பிளவில் எடுக்க முயன்றால் துண்டு குறுக்கே உடையும்; வளைவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு பிறைகளைக் கீறி, ஒவ்வொன்றாகக் குறட்டால் கழற்றி, இறுதிக் கோட்டுக்கு வரவேண்டும். விளிம்பை அரைக்கும் இயந்திரம் வாங்கிய பின்னர் எல்லாவற்றையும் அதிலேயே சரிசெய்யலாம் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தாலேயே நான் அந்த இயந்திரத்தைப் பிந்தி வாங்கும்படி சொல்கிறேன்.

4. கருவிகளை எந்த ஒழுங்கில் வாங்குவது

முதல் மாதத்தில் வேண்டியவை: நல்ல கட்டர் ஒன்று, பிளக்கும் குறடு ஒன்று, விளிம்பைக் கொறிக்கும் குறடு ஒன்று, உருக்கு அளவுகோல், கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய சப்பாத்து. கட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய சோனகத் தெருவின் வன்பொருட் கடைகளில் குறடுகள், நிரப்பிகள், ஆணிகள் எல்லாம் கிடைக்கும். சில நூறு ரூபாவுக்குக் கிடைத்த கட்டர்கள் எனக்கு இரண்டு வாரமும் உழைக்கவில்லை.

நான்காம் மாதத்தில் பற்றாசுக்கோல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் "சோல்டரிங் அயன்" என்று கேட்டால், வானொலி பழுதுபார்க்கும் 25 அல்லது 40 வாற்றுக் கோலையும், உள்ளே பிசின் நிரப்பிய மெல்லிய கம்பியையும் எடுத்துத் தருவார்கள். இரண்டும் நமக்கு உதவா. 80 முதல் 100 வாற்று வரையான, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய, உளிபோல் அகன்ற முனையுள்ள கோல் வேண்டும். பற்றாசு, உள்ளே பிசின் இல்லாத, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கொண்ட 3 மில்லிமீற்றர் கம்பியாக இருக்க வேண்டும். 60க்கு 40 என்பது வெறும் விருப்பம் சார்ந்ததன்று. அந்தக் கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 பாகை அளவில் முழுதும் உருகிவிடுவதால், கோலை எடுத்ததும் விரைவாக உறைந்து வழுவழுப்பான வரம்பாக நிற்கும். வாகனக் குளிர்விப்பான் ஒட்டுவோர் பயன்படுத்தும் கட்டிப் பற்றாசில் வெள்ளீயத்தின் பங்கு குறைவாக இருக்கலாம். பங்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

ஆறாம் மாதத்துக்குப் பின்னர் அரைக்கும் இயந்திரம். இங்கேதான் அடுத்த பொறி. அமெரிக்க இணையக் கடைகளில் விற்கப்படும் கோல்களும் அரைக்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் 110 அல்லது 120 வோல்ற்றுக்கு உரியவை; நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். செருகியை மாற்றும் சிறு துண்டு மின்னழுத்தத்தை மாற்றாது என்பதை அறியாமல், வந்த அன்றே செருகி, ஒரு நிமிடத்துக்குள் ஒரு கோலைக் கருக்கினேன். படத்தை நம்பாமல் 230 அல்லது 240 என்று எழுதியிருக்கும் பதிப்பையே கட்டளையிடுங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து வருவிப்பதும் சுங்கமும்

நிறக் கண்ணாடியில் ஒரு பகுதியையும், செப்பு நாடா, ஈயப் பட்டை ஆகியவற்றையும் நான் வெளியிலிருந்தே எடுத்தேன். கணக்கிடும்போது பலர் செய்யும் தவறு, பெறுமதிசேர் வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடுவது. 2024 ஜனவரியிலிருந்து அந்த வரி 18 சதவீதம். அது அனுப்புகூலி, காப்புறுதி, தீர்வைகள் ஆகியவையும் சேர்ந்த தொகையின்மேல் விதிக்கப்படும். 30,000 ரூபாப் பொருளுக்கு 5,400 ரூபா என்று நான் ஒதுக்கி வைத்தேன். அனுப்புகூலி மட்டும் 12,000 ரூபா ஆனதால், தீர்வைகளைச் சேர்க்காமலே வரி 7,560 ரூபாவைத் தொட்டது. ஈயமும் பற்றாசும் கண்ணாடியும் பாரம் மிக்கவை. விமானத்தில் வரும் பொதியில் கூலி பொருளின் விலையை மிஞ்சிவிடுவதும் உண்டு. நாடாவும் கட்டரும் தனியாள் பொதியாக வரலாம். ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் இருவர் மூவராகச் சேர்ந்து கப்பலில் எடுப்பதே கட்டுப்படியாகும்.

விற்பனையாளரிடம் ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியாக எழுதப்பட்ட விலைப்பட்டியலைக் கேளுங்கள். "கைவினைப் பொருள்கள்" என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பினால் சுங்கத்தில் பொதியைத் திறந்து விளக்கம் கேட்பார்கள், நாட்கள் ஓடும். சுங்கத் தீர்வை அட்டவணையில், வார்த்த அல்லது உருட்டிய கண்ணாடித் தகடு 7003 என்ற தலைப்பிலும், ஊதிய கண்ணாடித் தகடு 7004இலும், பற்றாசுக்கோல் 8515இலும் வகைப்படுத்தப்படும். முன்கூட்டியே இந்த எண்களைச் சொல்லி வீதத்தை விசாரித்தால் எதிர்பாராத செலவு குறையும். பணம் செலுத்திய வங்கிச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

6. முதல் தகடு: செப்பு நாடா

ஒரு சதுர அடி, 24 துண்டுகள்; முதல் வேலைக்கு இதற்கு மேல் வேண்டாம். ஒரு துண்டு சராசரியாக 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்று கொண்டால் அதன் சுற்றளவு 10 அங்குலம். 24 துண்டுகளுக்கு 240 அங்குலம், அதாவது 6 மீற்றருக்குச் சற்று மேல். 33 மீற்றர்ச் சுருள் ஒன்று இத்தகைய ஐந்து தகடுகளுக்குப் போதும். கண்ணாடியை வரைபடத்தின் பரப்பைவிட 30 சதவீதம் கூடுதலாக எடுங்கள். பற்றாசு 200 முதல் 250 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீற்றர்க் கண்ணாடிக்கு 7/32 அங்குல நாடா பொருந்தும். இருபுறமும் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் மடிப்பு விழும்.

அரைத்த துண்டுகளைச் சவர்க்காரத்தால் கழுவி, முற்றாகக் காயவைத்து, விளிம்பின் நடுவே நாடாவை ஒட்டி, இருபுறமும் மடித்து நன்றாகத் தேய்க்க வேண்டும். கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் உப்புக்காற்றால் நாடா சில வாரங்களிலேயே பழுப்பேறிவிடும், பழுப்பேறிய செம்பில் பற்றாசு பிடிக்காது. சுருளைக் காற்றுப்புகாத பையில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். நாடா சுற்றிய துண்டுகளையும் வாரக்கணக்கில் கிடக்கவிடாமல் ஓரிரு நாட்களுக்குள் ஒட்டி முடியுங்கள். பற்றாசு செம்பில் பிடிப்பதற்காக ஒட்டுமுன் பூசும் பிளக்ஸை, ஒட்டி முடித்த அன்றே கழுவிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்ட தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

7. இரண்டாம் கட்டம்: ஈயப் பட்டை

ஈயப் பட்டை ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமாக வரும். பயன்படுத்துமுன் ஒரு முனையைப் பிடிகருவியில் இறுக்கி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். இழுக்கும்போது ஒரு காலைப் பின்னே ஊன்றிக்கொள்ளுங்கள், பட்டை அறுந்தால் மல்லாந்து விழுவீர்கள். வரைபடத்தின் இரு பக்கங்களில் மரச் சட்டத்தை அறைந்து, மூலையிலிருந்து தொடங்கி, கண்ணாடி, பட்டை, கண்ணாடி என்று மாறி மாறி வைத்து, குதிரை இலாட ஆணிகளால் நிறுத்திக்கொண்டே போக வேண்டும். பட்டையின் நடுத்தண்டு இரு கண்ணாடிகளுக்கிடையே இடம்பிடிக்கும் என்பதால், வரைபடத்திலிருந்து துண்டுகளின் மாதிரியை வெட்டும்போதே ஒவ்வொரு கோட்டிலும் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர் கழிக்க வேண்டும். செப்பு நாடாவுக்கு அதில் பாதி போதும். செப்பு நாடாவுக்கு வெட்டிய பழைய மாதிரிகளையே ஈய வேலைக்கும் எடுத்தால் தகடு சட்டத்துக்குள் அடங்காது.

ஈயம் 327 பாகையில் உருகும். பற்றாசு உருகும் வெப்பத்துக்கும் பட்டை உருகும் வெப்பத்துக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு இடைவெளிக்குள் வேலை செய்யும் பழக்கத்தையே இந்தக் கட்டத்தில் கற்கிறீர்கள். கோலை மூட்டில் ஓரிரு விநாடிகளுக்கு மேல் நிறுத்தினால் பட்டையில் துளை விழும். ஒரு மீற்றர் கழிவுப் பட்டையைச் சிறு சிறு துண்டுகளாக்கி நூறு மூட்டுகள் ஒட்டிப் பழகுங்கள்.

இருபுறமும் மூட்டுகள் முடிந்ததும் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் விளக்குக்கரியும் கலந்த "புட்டி" என்னும் பசைக்கலவையைப் பட்டைகளின் அடியில் தூரிகையால் திணித்து, மேலதிகத்தைச் சுண்ணத்தூள் தூவித் தேய்த்தெடுக்க வேண்டும். தகடு மழைநீரைத் தாங்குவதும் ஆடாமல் நிற்பதும் இந்தப் புட்டியால்தான். மழைக்காலத்தில் கொழும்பின் ஈரக்காற்றில் அது காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கட்டளை எடுக்கும்போது அந்த நாட்களைச் சேர்த்தே ஒப்படைக்கும் தேதியைச் சொல்லுங்கள்.

8. ஈய நச்சு

வீட்டில் வேலை செய்வோர் இதை விட்டுவிட்டு மேலே படிக்க வேண்டாம். பற்றாசு வைக்கும் வெப்பநிலையில் ஈயம் ஆவியாகி வருவதைவிட, விரலிலும் மேசையிலும் படியும் ஈயத்தூள் வாய்க்குள் போவதே பெரிய ஆபத்து. சமையலறை மேசையிலும், குழந்தைகள் புழங்கும் அறையிலும், கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டின் பொது இடத்திலும் இந்த வேலை கூடாது. வேலை செய்யும் இடத்தில் தேநீர்க் கோப்பை இருக்கக் கூடாது. வேலை உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். தரையைத் தும்புத்தடியால் கூட்டினால் தூள் எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். பிளக்ஸ் புகையை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி வெளியேற்றும் விசிறி வையுங்கள். அரைக்கும் இயந்திரத்தின் கடற்பஞ்சு எப்போதும் நனைந்திருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு தடவையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு தடவையும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல். செலவைக் குறைக்கப் பழைய பற்றரி ஈயத்தை உருக்கிப் பட்டை வார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் செவிகொடுக்காதீர்கள். அதில் அன்ரிமனி போன்ற கலப்புகள் உண்டு, உருக்கும்போது எழும் புகையும் தூளும் அண்டை வீட்டையும் பாதிக்கும்.

9. சூளை வேலை

சூளை வாங்க அவசரம் வேண்டாம். வெப்பநிலையைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்படுத்தி உள்ள மின்சூளையை மட்பாண்டக் கலைஞர் எவரேனும் வைத்திருந்தால் ஒரு சூட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். கண்ணாடியில் வரையும் மை ஏறத்தாழ 650 முதல் 680 பாகை வரையிலும், மஞ்சள் நிறம் தரும் வெள்ளிச் சாயம் அதைவிடக் குறைவாக, 560 முதல் 600 பாகை வரையிலும் சுடப்படும். ஆகவே மையை முதலிலும் வெள்ளிச் சாயத்தைப் பின்னரும் சுட வேண்டும். மட்பாண்டம் சுடும் 1,000 பாகைப் பழக்கத்தில் சூளையை விட்டுவிட்டால் உங்கள் கண்ணாடி தட்டோடு குழம்பாகிவிடும் என்பதைச் சூளைக்காரருக்கு எழுத்திலேயே கொடுங்கள். முதல் சூட்டுக்குக் கைவிரலளவு துண்டுகள் போதும்.

10. வியாபாரப் பெயர்ப் பதிவு

விற்கத் தொடங்கும்போது பிரதேச செயலகத்தில் தனியாள் வியாபாரமாகப் பெயரைப் பதிவு செய்யலாம். கொழும்பு நகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரு பிரதேச செயலகங்களுக்கிடையே பிரிந்திருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மற்றைய செயலகத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழித்த அனுபவம் எனக்கு உண்டு. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதற்குள் வருகிறது என்று முதலில் கேளுங்கள். நான் கொண்டுபோனவை: நிரப்பிய படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, வேலைத்தளம் வாடகைக்கு என்பதால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். அந்தச் சம்மதக் கடிதமே எனக்கு மூன்று வாரத்தை எடுத்தது. வீட்டை வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். உதவிக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவருடைய பங்கு 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கத்திலிருந்து மேலும் 3 சதவீதம்.

11. முதல் கட்டளையும் பழைய சாளரங்களும்

சாளரத்தின் அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, மிகச் சிறிய அளவை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீற்றர் கழியுங்கள். பாரத்தையும் கணக்கிடுங்கள்: 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி சதுர மீற்றருக்கு 7.5 கிலோகிராம், ஈயமும் புட்டியும் சேர்ந்தால் அது இரு மடங்குக்கு மேல் போகலாம். உயரமான தகடுகளுக்கு 45 முதல் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பி வைத்துக் கட்டாவிட்டால் சில ஆண்டுகளில் தகடு வயிறு தள்ளி நிற்கும். அதன் செலவை விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்கும் அளவு முற்பணம் பெறாமலும், வரைபடத்தில் வாடிக்கையாளரின் கையொப்பம் இல்லாமலும் ஒரு துண்டையும் வெட்டாதீர்கள்.

ஓரளவு பெயர் வந்ததும், தேவாலயத்திலோ பழைய வீட்டிலோ உடைந்த சாளரத்தைத் திருத்தித் தரும்படி கேட்பார்கள். மறுப்பது கடினம், ஆனால் முதல் மூன்று ஆண்டுகளில் மறுத்துவிடுங்கள். பழைய கண்ணாடியில் தீட்டிய மை தளர்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே முகம் அழிந்துபோகும். அதைத் திரும்ப வரைய முடியாது. பழைய ஈயப் பட்டையின் மேலிருக்கும் வெண்படலமும் நஞ்சுள்ளது. உலகளவில் இத்துறையினர் பின்பற்றும் கோர்ப்பஸ் விட்ரியாரம் அமைப்பின் பேணுகை வழிகாட்டலை வாசித்துவிட்டு, புகைப்படம் எடுத்து நிலையைப் பதிவுசெய்து கொடுப்பதோடு நின்றுகொள்ளலாம். அதற்கும் கட்டணம் வாங்கலாம். கட்டடம் பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னமாக இருந்தால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைப் பெறவேண்டியவர் கட்டடத்தின் பொறுப்பாளர். விலை சொல்வதற்கு முன்னர் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள்.